மக்கள் இறையாண்மை: வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் ஞாயிறு மாலைகளில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் நடக்கும் சின்ன வகுப்பு எங்களுடையது. ஆறாம் படிவத்தில் 'பெங்காஜியான் அம்' என்ற பொது அறிவுப் பாடம் படிக்கும் பிள்ளைகள்தான் வருகிறார்கள். அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோரில் சிலர் கீழே காத்திருக்கப் பொறுமை இல்லாமல் மேலே ஏறி வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கேள்விகளில் பாதி அவர்களுடையவை. உண்மையைச் சொன்னால் நல்ல பாதியும் அதுதான். அதே கேள்விக்கு அதே பதிலை ஆண்டுதோறும் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

மக்கள் இறையாண்மை என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒரு நாட்டில் கடைசிச் சொல் யாருடையது? இந்தக் கேள்விக்கு "மக்களுடையது" என்று பதில் சொல்வதுதான் மக்கள் இறையாண்மை. அன்றாடம் ஆள்வது யார் என்பது வேறு கேள்வி. ஒருவர் தன் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறார் என்று வையுங்கள். சாவி அந்த ஆளிடம் இருக்கும், கதவைத் திறப்பதும் பூட்டுவதும் அவர்தான். அதனால் வீடு அவருடையது ஆகிவிடாது. அரசாங்கம் சாவி வைத்திருக்கும் ஆள். இந்த ஒன்று பிடிபடாமல் மேலே படித்தால் எல்லாம் குழம்பும்.

இறைமையா, இறையாண்மையா? அதில் 'இறை' எதற்கு வந்தது?

இரண்டும் ஒன்றுதான். இலங்கைத் தமிழர் இறைமை என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டிலும் இங்கேயும் இறையாண்மை.

'இறை' சுவையான சொல். கடவுளும் இறை, அரசனும் இறை, அரசனுக்குக் கட்டும் வரியும் இறை. அதிகாரம் மேலிருந்து வருகிறது என்ற எண்ணம் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் திருக்குறளின் இறைமாட்சி அதிகாரத்தில் 388-வது குறளைப் பாருங்கள்: "முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் மக்கட்கு இறையென்று வைக்கப் படும்." அரசன் இறை அல்ல, இறை என்று 'வைக்கப்படுகிறான்'. வைப்பவர் யார்? குறள் பெயர் சொல்லவில்லை. மக்களைத் தவிர அந்த இடத்தில் வேறு ஆள் இல்லை. அதுவும் நிபந்தனையோடு: முறை செய்ய வேண்டும், காப்பாற்ற வேண்டும். வள்ளுவர் மக்களாட்சி பேசினார் என்று சொல்ல வரவில்லை, அது மிகை. அந்த ஒரு வினைச்சொல்லில் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மலாயில் இதே வேலையைச் செய்யும் சொல் 'டாவுலாட்'. அரபு மூலம். அரண்மனை விழாவில் "டாவுலாட் துவாங்கு" என்பார்கள். அதிலிருந்து 'கெடாவுலாத்தான்'. பள்ளிக்கூடச் சபைகூடலில் பிள்ளைகள் ஒப்பிக்கும் ருக்குன் நெகாராவில் (நாட்டின் கோட்பாடுகள்) நான்காவது கோட்பாடு 'கெடாவுலாத்தான் உண்டாங்-உண்டாங்', சொல்லுக்குச் சொல் எடுத்தால் சட்டத்தின் இறையாண்மை. பன்னிரண்டு ஆண்டுகள் ஒப்பித்த பிள்ளைகளிடம் இதைக் காட்டினால் கண் விரியும்.

இந்தச் சிந்தனையைத் தொடங்கியது யார்?

'இறையாண்மை' என்ற கருத்துக்கு முதலில் தெளிவான இலக்கணம் எழுதியவர் பிரான்சின் ழான் போதான், 1576-இல். அவர் எழுதியது அரசனுக்காக. மதச் சண்டையில் நாடு பற்றி எரிந்துகொண்டிருந்தது. யாராவது ஒருவர் சொல்வது முடிந்த முடிவாக இருந்தால்தான் சண்டை ஓயும் என்று அவர் நினைத்தார். அவருக்கு இரண்டரை நூற்றாண்டு முன்பே, 1324-இல், பாதுவா நகரத்து மார்சீலியோ என்பவர் சட்டம் செய்யும் அதிகாரம் மக்களிடம் அல்லது அவர்களில் 'எடை மிகுந்த பகுதி'யிடம் இருக்கிறது என்று எழுதி, போப்பின் கோபத்துக்கு ஆளாகி ஓடினார்.

1651-இல் வந்த தாமஸ் ஹாப்ஸின் நூலுக்கு ஒரு முகப்புப் படம் உண்டு. வகுப்பில் அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டுவேன். மலைக்குப் பின்னால் கிரீடம் அணிந்த ராட்சத அரசன், ஒரு கையில் வாள், மறு கையில் சமயத் தலைவரின் கோல். கிட்டே போய்ப் பார்த்தால் அவன் உடம்பும் கைகளும் நூற்றுக்கணக்கான குட்டி மனிதர்கள். எல்லோரும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் முகத்தையே பார்க்கிறார்கள். ஒருமுறை இதைக் காட்டியபோது தமிழ் இலக்கியம் எடுக்கும் ஒரு பிள்ளை, "சார், இது கம்பன்" என்றாள். எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. புறநானூறு 186-இல் மோசிகீரனார், நெல்லும் நீரும் உயிரல்ல, உலகத்துக்கு மன்னனே உயிர் என்கிறார். கம்பர் தசரதனைப் பற்றிச் சொல்லும்போது அதைத் திருப்பிப் போடுகிறார்: உயிர்கள் எல்லாம் உறையும் ஓர் உடம்பு ஆனான் அரசன். ஹாப்ஸின் படமும் அதே உடம்புதான். ஒரு வித்தியாசம் உண்டு. கம்பனின் அரசன் உயிர்களைத் தன் உயிர்போல ஓம்புவதால் அவற்றுக்கு உடம்பாகிறான். ஹாப்ஸிடம் அந்தக் குட்டி மனிதர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்து அவனை உண்டாக்குகிறார்கள், உண்டாக்கிய பிறகு அவனைக் கலைக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை.

இங்கிலாந்தின் ஜான் லாக் அந்த இடத்தில்தான் ஹாப்ஸோடு முரண்படுகிறார். அதிகாரம் நம்பிக்கையின் பேரில் கொடுத்த ஒப்படைப்பு, நம்பிக்கை கெட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். 1762-இல் ரூசோ இன்னும் ஓர் அடி போனார்: இறையாண்மையைக் கொடுக்கவே முடியாது. என் விருப்பத்தை எனக்குப் பதிலாக இன்னொருவர் விரும்ப முடியாதல்லவா? அந்த நூலை அவர் பிறந்த ஜெனீவாவிலேயே எரிக்க உத்தரவு போட்டார்கள்.

என்னைக் கேட்டால் இவர்களில் நம் நாட்டுப் பேச்சுக்கு அதிகம் உதவுபவர் அபே சியெஸ் என்ற பாதிரியார். பாடநூல்கள் அவரை ஒரு வரியில் தாண்டிவிடும். 1789 ஜனவரியில் வெளியிட்ட ஒரு துண்டு நூலில் அவர் அதிகாரத்தை இரண்டாகப் பிரித்தார்: அரசியலமைப்பை ஆக்கும் அதிகாரம், அதனால் ஆக்கப்பட்ட அதிகாரம். நாடாளுமன்றம், அமைச்சரவை, நீதிமன்றம் எல்லாம் இரண்டாவது வகை. முதல் வகை மக்களுடையது மட்டுமே. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

சோழர் காலத்திலேயே நம்மிடம் குடவோலை இருந்ததே?

ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஓர் அப்பா இதைக் கேட்பார், பெருமையோடு. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921 ஆண்டுகள். முப்பது குடும்பு, அதாவது ஊரின் வட்டாரங்கள், ஒவ்வொன்றிலும் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லுவார்கள். வாரியத்தில் (ஊர்ச் சபையின் செயற்குழு) இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் நிற்க முடியாது. இந்த ஒரு விதியை இன்று கொண்டுவந்தால் பல கட்சிகளுக்கு வேட்பாளர் பஞ்சம் வந்துவிடும்.

ஆனால் அது பிராமணர் ஊர்ச் சபை. கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள். பெண்களுக்கு இடமில்லை, உழுதவர்களுக்கும் இல்லை. ஏற்பாடே அரசனின் ஆணையோடு வந்தது. நல்ல ஊராட்சி என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். இறையாண்மை அரசனிடம்தான் இருந்தது.

சரி, மலேசியாவில் இறையாண்மை யாரிடம் இருக்கிறது?

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள்.

இந்திய அரசியலமைப்பு "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்குகிறது. இந்தோனேசியாவின் முதல் பிரிவே இறையாண்மை மக்கள் கையில் என்கிறது. நம்முடையதில் அப்படி ஒரு முகவுரை கிடையாது. 1957 ஆகஸ்டு 31 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் துங்கு அப்துல் ரஹ்மான் வாசித்த சுதந்திரப் பிரகடனம், இந்த நாடு இறையாண்மையும் சுதந்திரமும் உள்ள மக்களாட்சி நாடாக, சுதந்திரத்தின் மீதும் நீதியின் மீதும் நிறுவப்பட்டு, தன் மக்களின் நலனையும் மகிழ்ச்சியையும் நாடும் என்றது. நாட்டுக்கு இறையாண்மை, மக்களுக்கு நலன். கவனித்துப் படித்தால் இரண்டும் வேறு வேறு இடத்தில் நிற்கின்றன.

அரசியலமைப்பு வந்த வழியையும் பாருங்கள். வரைந்தது ரீட் ஆணையம்: பிரிட்டனிலிருந்து ரீட் பிரபுவும் ஐவர் ஜென்னிங்ஸும், ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர், இந்தியாவிலிருந்து ஒருவர், பாகிஸ்தானிலிருந்து ஒருவர். மலாயாவைச் சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. கட்சிகளும் சங்கங்களும் மகஜர் கொடுத்தன, ஆணையம் ஊர் ஊராகப் போய்க் கேட்டது, பிறகு அரசும் மலாய் மாநிலங்களின் பரம்பரை ஆட்சியாளர்களும் திருத்தினார்கள். 1957 ஆகஸ்டு 5 அன்று மலாயா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் பிரிட்டிஷ் அரசியின் சார்பில் ஹை கமிஷனரும் மலாய் ஆட்சியாளர்களும். பத்து நாள் கழித்துக் கூட்டரசுச் சட்டமன்றம் அதை நிறைவேற்றியது. அந்த மன்றத்தில் தேர்தலில் வென்று வந்தவர்கள் பாதியைவிடச் சற்றே அதிகம். பொதுவாக்கெடுப்பு நடக்கவில்லை. சியெஸ் இருந்திருந்தால் "ஆக்கும் அதிகாரம் எங்கே?" என்று கேட்டிருப்பார்.

இப்போது எழுத்தில் உள்ளதைப் பார்ப்போம். 4-வது பிரிவு: அரசியலமைப்பே நாட்டின் தலையாய சட்டம். 181-வது பிரிவு: ஆட்சியாளர்களின் இறையாண்மை முன்பு போலவே தொடரும், ஆனால் வாக்கியம் தொடங்குவதே 'இந்த அரசியலமைப்பின் விதிகளுக்கு உட்பட்டு' என்றுதான். நாடாளுமன்றம்? பிரிட்டனைப் போல நினைத்ததைச் செய்யும் நாடாளுமன்றம் இங்கே இல்லை, எழுதப்பட்ட அரசியலமைப்பு இருக்கிறது என்று 1976-இல் நீதிபதி சுஃபியான் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னார்.

ஆக, நம் நாட்டில் கடைசிச் சொல் ஒரு மனிதரிடமோ ஒரு மன்றத்திடமோ இல்லை, ஓர் ஏட்டிடம் இருக்கிறது. அந்த ஏட்டைத் திருத்த 159-வது பிரிவின்படி மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், சில பகுதிகளுக்கு ஆட்சியாளர்கள் மன்றத்தின் சம்மதமும் வேண்டும். அந்த மூன்றில் இரண்டு பங்கைக் கொடுப்பதும் மறுப்பதும் வாக்காளர். 2008 மார்ச் 8 பொதுத் தேர்தல் அன்று மறுத்தார்கள். அன்று இரவு பினாங்கில் தூங்கியவர்கள் குறைவு. என் கணக்கில், மலேசியாவில் மக்கள் இறையாண்மையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அரசாங்கம் மாறிய 2018 மே 9-ஐ விட அந்த நாள்தான் நல்ல உதாரணம். ஏட்டைத் தனியாகத் திருத்தும் வசதி அன்று ஆளும் அணியிடமிருந்து போனது.

அப்படியானால் பேரரசர் வெறும் அடையாளமா?

இல்லை. நாட்டின் தலைவரான அவர் பெரும்பாலான காரியங்களில் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கிறார் (40-வது பிரிவு). 1994 திருத்தத்துக்குப் பிறகு, அவர் கையெழுத்திடாவிட்டாலும் மசோதா 30 நாளில் சட்டமாகிவிடும். ஆனால் பிரதமரை நியமிப்பது 43-வது பிரிவின்படி அவருடைய சொந்த முடிவு: மக்களவை உறுப்பினர்களில் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் யார் என்று அவர் கருதுகிறாரோ அவர். யாருக்கும் சந்தேகமற்ற பெரும்பான்மை இருந்த காலத்தில் இந்த வரியை யாரும் படிக்கவில்லை. அரசாங்கம் கவிழ்ந்த 2020 பிப்ரவரியில் எல்லோரும் படித்தார்கள். அன்றைய பேரரசர் மக்களவை உறுப்பினர்களை அரண்மனைக்கு அழைத்து யாருக்கு ஆதரவு என்று கேட்டார். 2022 நவம்பர் தேர்தலில் எந்த அணிக்கும் பெரும்பான்மைக்குத் தேவையான 112 இடம் கிடைக்காதபோதும் ஐந்து நாள் நாடு அரண்மனை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த விஷயத்தை எழுதும்போது பிள்ளைகள் நிதானமாக எழுத வேண்டும். ஆட்சியாளர்களின் இறையாண்மையைக் கேள்விக்குள்ளாக்குவதைத் தடுக்கும் சட்டத்துக்கு 10-வது பிரிவு இடம் கொடுக்கிறது. விதி என்ன சொல்கிறது, என்ன நடந்தது என்று எழுதுங்கள், போதும்.

ஓட்டுப் போட்ட மறுநாளே நம்மை யாரும் கண்டுகொள்வதில்லை. அப்புறம் என்ன இறையாண்மை?

ரூசோ இதைத்தான் கேட்டார். இங்கிலாந்துக்காரர்கள் தங்களைச் சுதந்திர மக்கள் என்று நினைக்கிறார்கள், தேர்தல் நாளில் மட்டும்தான் அவர்கள் சுதந்திரர்கள், ஆளைத் தேர்ந்தெடுத்து முடித்ததும் அடிமைகள் என்றார்.

நமக்கு 2020 அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தது. 2018 தேர்தலுக்கும் 2022 தேர்தலுக்கும் இடையில் மூன்று பிரதமர்கள். இரண்டாவதும் மூன்றாவதும் வந்தது தேர்தல் இல்லாமல். சட்டப்படி அதில் பிழையில்லை, நாம் தேர்ந்தெடுப்பது உறுப்பினரை, பிரதமரை அல்ல. ஆனால் வகுப்புக்கு வந்த ஓர் அக்கா சொன்னது எனக்கு மறக்கவில்லை: "நான் ஒரு கடைக்குச் சாமான் வாங்கக் காசு கொடுத்து அனுப்பினேன், அவன் வேறு கடைக்குப் போய் வேறு சாமான் வாங்கி வந்து, கையில் மிச்சம் இல்லை என்கிறான்." லாக் சொன்ன நம்பிக்கை ஒப்படைப்புக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

கட்சி தாவுவதைத் தடுக்கும் கதை நீளமானது. கிளந்தான் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சங்கம் சேரும் உரிமையை அது மீறுகிறது என்று 1992-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. பினாங்கு 2012-இல் தன் மாநில அரசியலமைப்பில் அதே மாதிரி ஒரு பிரிவைச் சேர்த்தது. 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லும் என்றது. அதே ஆண்டு அக்டோபர் 5 முதல் மக்களவை உறுப்பினர்களுக்குக் கூட்டரசு அரசியலமைப்பில் 49ஏ பிரிவு. ஆனால் அதில் ஓட்டை உண்டு: கட்சியே ஒருவரை நீக்கினால் அவர் பதவி போகாது, கட்சி முழுதாக அணி மாறினாலும் போகாது. ஆள் தாவினால் தப்பு, கூட்டமாகத் தாவினால் கூட்டணி.

'மக்கள்' என்றால் யார் யார்?

எல்லாக் கேள்விகளையும்விட எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ரீட் ஆணையத்தில் இருந்த அதே ஐவர் ஜென்னிங்ஸ் 1956-இல் எழுதிய ஒரு வாதம் உலகம் முழுக்க மேற்கோளாகிறது: மக்களே முடிவு செய்யட்டும் என்பது நியாயமாகத் தோன்றும், ஆனால் மக்கள் யார் என்பதை வேறு யாராவது முடிவு செய்யாதவரை மக்களால் எதையும் முடிவு செய்ய முடியாது. எழுதிய கையோடு மலாயாவுக்கு வந்து, மக்கள் யார் என்று முடிவு செய்யும் ஐவரில் ஒருவராக உட்கார்ந்தார்.

1957 மெர்டேக்கா (விடுதலை) நாளிலிருந்து இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்றார்கள். 1962-இல் அதைச் சுருக்கி, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். அதற்கு முன்னே பிறந்தவர்கள் பலர் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. தோட்டத்தில் பிறப்புப் பத்திரம் இல்லாதவர், பாரம் படிக்கத் தெரியாதவர், 'ஐசி இருக்கிறதே, அது போதும்' என்று நினைத்தவர் பலர் வெளியே நின்றுவிட்டார்கள். அந்த ஐசி, அதாவது அடையாள அட்டை, சிவப்பு; நிரந்தரவாசிக்கானது. குடிமக்களுக்கான நீலம் இருந்தால்தான் ஓட்டு.

2022 நவம்பர் 19, ஒரு தமிழ்ப்பள்ளி வாசல். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. உள்ளே சாலுரான் (வயதுவாரியாகப் பிரித்த வாக்களிப்பு அறை) ஒன்றில் வயதானவர்கள் வரிசை, கடைசி சாலுரானில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். பதினெட்டில் ஓட்டு என்ற திருத்தம் நடைமுறைக்கு வந்தபின் நடந்த முதல் பொதுத் தேர்தல் அது. கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பாட்டி பேரனின் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயதைப் பார்த்தால் சாலுரான் ஒன்றில் முன்னால் நிற்க வேண்டியவர். "உள்ளே போகலையா பாட்டி?" என்றேன். "எனக்கு சிவப்பு ஐயா" என்றார், சர்க்கரை வியாதி என்று சொல்லும் அதே குரலில். பேரன் வந்ததும் அவன் இடக்கைச் சுட்டுவிரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மை அழிய எத்தனை நாளாகும் என்று கேட்டார். ஒரு வாரம் இருக்கும் என்றான் அவன். "சோறு எப்படிச் சாப்பிடுவே?" என்றார். "பாட்டி, இது இடக்கை."

எழுத்தில் இருந்தால் மட்டும் போதுமா என்பவர்கள் இலங்கையையும் பார்க்கலாம். 1978 அரசியலமைப்பின் 3-வது உறுப்புரை இறைமை மக்களுடையது, பிறருக்குக் கைமாற்ற முடியாதது என்கிறது. அதே அரசியலமைப்பின் கீழ்தான் உள்நாட்டுப் போரும் நடந்தது.

பினாங்கில் முன்பு நகராட்சிக்கே தேர்தல் நடந்தது என்கிறார்களே?

நடந்தது. மலாயாவிலேயே முதலில் நடந்த நவீன நகராட்சித் தேர்தல் ஜார்ஜ் டவுனில்தான், 1951 டிசம்பர் 1. பதினைந்து இடத்தில் ஒன்பதுக்குத் தேர்தல். 1957 ஜனவரி 1 அன்று ஜார்ஜ் டவுன் மாநகரானது. அடுத்த ஆண்டு மேயர் நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒரு தமிழர், தொழிற்கட்சியின் டி. எஸ். இராமநாதன். முன்பு ஸ்காட் சாலை என்று இருந்தது இன்று அவர் பெயரில் இருக்கிறது. அந்தச் சாலையில் தினமும் போகும் பிள்ளைகளிடம் யார் இவர் என்று கேட்டால் "டாக்டரா சார்?" என்பார்கள்.

1965-இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். திரும்பக் கொண்டுவரலாமா என்று ஆராய்ந்த ஆணையத்துக்குத் தலைவரும் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். கொண்டுவாருங்கள் என்று 1968-இல் அறிக்கை கொடுத்தார்கள். 1976 சட்டம் தேர்தலையே எடுத்துவிட்டது. அன்றுமுதல் நகராண்மைக் கழக உறுப்பினர்கள் நியமனம்தான். 2012-இல் பினாங்கு மாநிலம் சொந்தச் சட்டம் போட்டுத் தேர்தல் நடத்தப் பார்த்தது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இது ஏதோ சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். நாட்டின் இறையாண்மையைப் பற்றிப் பேசுகிறோம், வீட்டுக்குப் பின்னால் லோங்காங் (சாக்கடை) அடைத்துக்கொண்டால் அதற்குப் பொறுப்பான ஆளை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. குப்பை, விளக்கு, கடை உரிமம், கோயில் கட்ட அனுமதி: கையால் தொடக்கூடிய ஆட்சி முழுவதும் அங்கேதான். தேர்தல் வந்தால் நகரங்களில் ஓர் இனத்தின் கை ஓங்கும் என்ற அச்சத்தையும் சொல்லுகிறார்கள். அந்த அச்சத்தைப் பேசித் தீர்க்கலாம், தேர்தலை ஒழித்துத் தீர்ப்பது எனக்கு ஒப்புதலில்லை.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு எத்தனை ஓட்டு?

ஒன்று. 1974 பிப்ரவரி 1 அன்று சிலாங்கூரிலிருந்து பிரித்துக் கூட்டரசுப் பிரதேசம் ஆக்கியதிலிருந்து அங்கே சட்டமன்றம் இல்லை. டத்தோ பண்டாரும் (மேயர்) நியமனம். பதினோரு நாடாளுமன்றத் தொகுதி, அவ்வளவுதான். நாட்டின் தலைநகரில் இருப்பவரைவிட, மாநிலச் சட்டமன்றத்துக்கும் ஓட்டுப் போடும் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் இருப்பவருக்கு ஓர் ஓட்டு அதிகம்.

பெரும்பான்மை நினைத்தால் எதையும் செய்யலாமா?

ரூசோவின் ரசிகர்கள் சிலர் செய்யலாம் என்பார்கள். நீதிமன்றங்கள் தயங்குகின்றன. 1973-இல் இந்திய உச்ச நீதிமன்றம் கேசவானந்த பாரதி வழக்கில் ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்றது. சியெஸின் கணக்குதான் அது: ஆக்கப்பட்டவர்கள் ஆக்கியதை அழிக்க முடியாது.

மலேசிய நீதிமன்றம் 1977-இல் அந்தக் கோட்பாட்டை ஏற்கவில்லை. 2010-க்குப் பிறகு மெல்ல ஏற்கத் தொடங்கியது. 2018 ஜனவரியில் ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தியின் வழக்கு. தாய்க்குத் தெரியாமல் தந்தை பிள்ளைகளை மதம் மாற்றிய விவகாரம். மதமாற்றம் செல்லாது என்றதோடு, சிவில் நீதிமன்றத்தின் நீதி அதிகாரம் அரசியலமைப்பின் அடித்தளம், அதைப் பிடுங்க முடியாது என்றது கூட்டரசு நீதிமன்றம். அவரைத் தாயின் கண்ணீர்க் கதையாக மட்டும் நம் ஆட்கள் பேசுகிறார்கள். சட்டக் கல்லூரிகளில் அவர் பெயரை இறையாண்மைப் பாடத்தில் படிக்கிறார்கள். பிற்காலத் தீர்ப்புகளில் சில நீதிபதிகள் இந்தக் கோட்பாட்டைச் சந்தேகித்ததும் உண்டு, ஆகவே பேச்சு முடியவில்லை.

"என் குரலே மக்கள் குரல்" என்று ஒரு தலைவர் சொன்னால்?

பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் பிரான்சின் நாடாளுமன்றத்தைப் படையை விட்டுக் கலைத்தார், அதே மாதம் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி அமோக ஆதரவு வாங்கினார், அடுத்த ஆண்டு பேரரசரானார். எல்லாம் மக்கள் இறையாண்மையின் பெயரில்.

பாரதி 'எல்லாரும் இந்நாட்டு மன்னர்' என்றது இதுதானே?

இதேதான், ஒரே வரியில். ஆனால் மன்னர்கள் இத்தனை பேர் இருந்தால் ஒருவரோடொருவர் எப்படி ஒத்துப்போவது என்பது பாட்டில் இல்லை. அதற்குத்தான் அரசியலமைப்பு.

பிடித்த வேட்பாளர் யாரும் இல்லை. கெட்ட ஓட்டுப் போடலாமா?

2018 தேர்தலுக்கு முன்னால் இதற்கு இணையத்தில் ஓர் இயக்கமே நடந்தது. போடலாம், வாக்கு இரகசியம், யாரும் பிடிக்க மாட்டார்கள். இந்தியாவில் 2013 முதல் 'இவர்களில் யாரும் இல்லை' என்று தனிப் பொத்தான் இருக்கிறது, இங்கே கிடையாது. நீங்கள் கோபத்தில் கிறுக்கிய சீட்டும், கை நடுங்கிக் கோட்டுக்கு வெளியே கீறிய தாத்தாவின் சீட்டும் எண்ணும் மேசையில் ஒரே குவியலில் விழும். இரண்டையும் பிரித்துப் பார்க்க அங்கே யாருக்கும் வழியில்லை.